மூலக்கூறு உயிரியல் பட்டப்படிப்பில் சேரப்போகிறவருக்கு

நீட் மதிப்பெண் கைகொடுக்காமல், "பயோடெக்காவது சேர்ந்துவிடு" என்று யாரோ சொன்னதால் வந்து அமரும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். முதல் பருவம் முழுக்க அவர்கள் முகம் வாடியே இருக்கும். எதையோ இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த படிப்பு இது என்ற எண்ணம் அவர்களுக்கு. செல்லுக்குள் என்ன நடக்கிறது, அது எப்படி நமக்குத் தெரியவந்தது என்ற இரண்டு கேள்விகளுக்காகவே தங்கள் வாழ்நாளைக் கொடுத்தவர்களின் துறை இது. அந்தக் கேள்விகளோடு உள்ளே வந்தால் மூன்று ஆண்டுகள் போதவில்லை என்று தோன்றும். என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

தமிழ்நாட்டில் 'மூலக்கூறு செல் உயிரியல்' என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் கிடைப்பது அரிது. அந்தப் பாடம் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி ஆகிய மூன்றுக்குள்ளும் பகிர்ந்து கிடக்கிறது. பயோகெமிஸ்ட்ரியில் புரதமும் நொதியும் வேதிவினையும் அழுத்தமாக வரும். மைக்ரோபயாலஜியில் பாக்டீரியாவையும் வைரஸையும் மாசு படாமல் கையாளும் பழக்கம் வரும். பயோடெக்னாலஜியில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம். மூன்றிலும் நல்ல துறை ஒன்று உங்கள் ஊரருகே இருந்தால், நான் பயோகெமிஸ்ட்ரியைத்தான் எடுக்கச் சொல்வேன். வேதியியல் அடித்தளம் உள்ளவருக்கு மற்றதெல்லாம் பிறகு எளிதாக ஏறும். பி.டெக். பயோடெக்னாலஜி வேறு வகை. அது பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேரும் படிப்பு; கணக்கும் தொழிற்சாலை முறைகளும் அதில் அதிகம்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் நான்காண்டு இளநிலை ஆராய்ச்சிப் பட்டம் தருகிறது. திருப்பதி, திருவனந்தபுரம், புனே உள்ளிட்ட ஏழு ஊர்களில் இருக்கும் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்பு. ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்விகள் வரும். கணிதம் எடுக்காத பிரிவில் படித்த மாணவர்களுக்கு அங்கேதான் கால் இடறுகிறது. நம் பள்ளிகளில் இந்தத் தேர்வைப் பற்றிப் பேசுவோரே குறைவு. பத்தாம் வகுப்பு முடித்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் தனியாகக் கேளுங்கள்: மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்தெடுக்கும் மைக்ரோபிப்பெட்டை நீங்களே பிடித்தீர்களா, ஆசிரியர் பிடித்ததைப் பார்த்தீர்களா? ஒரு செய்முறை வகுப்பில் எத்தனை பேர்? டி.என்.ஏ.வைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் கடைசியாக எப்போது ஓடியது? கட்டடத்தின் பளபளப்பைவிட இந்த மூன்று பதில்களும் அதிகம் சொல்லும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவராக இருந்தால் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. சேர்ந்த உடனேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

சேர்வதற்கு முன் கிடைக்கும் இரண்டு மாதங்கள்

உயிரியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேதியியல் புத்தகத்தை எடுங்கள். அமிலம்–காரம், வேதிச் சமநிலை, மோல் கணக்கு, கார்பன் சேர்மங்களின் அடிப்படை, உயிரியல் மூலக்கூறுகள் ஆகிய பாடங்களை மட்டும் மீண்டும் படியுங்கள். கணிதத்தில் மடக்கையும் அடுக்கும் நிகழ்தகவும் போதும். 'பி.ஹெச். 7-க்கும் 6-க்கும் இடையே ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடுகிறது' என்ற ஒரு வரி உண்மையாகப் புரிந்தால்தான் மைட்டோகாண்ட்ரியா எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

இந்தத் துறை உயிரியலாளர்களால் மட்டும் கட்டப்பட்டதல்ல. ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியலாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1950-களின் நடுவில் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய வடிவம் என்று காட்டினார். 1963-இல் அவர் குழு வெளியிட்ட வரைபடத்தை, ஒரு புரதத்தின் அமைப்பு சரிதானா என்று சோதிக்க இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் கற்க மறுபடி மாணவராகச் சேர்ந்தவர். ரைபோசோமின் அமைப்புக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். கணக்கைக் கண்டு பயந்துதான் உயிரியலுக்கு வந்தேன் என்று சொல்லும் பிள்ளைகளிடம் இந்த இருவரைப் பற்றித்தான் பேசுவேன்.

தமிழ்வழியில் வந்தவர்களுக்கு

முதல் மாதம் மிகவும் கடினமாக இருக்கும். வகுப்பில் சொல்வது புரியாததால் தலை குனிந்து, நமக்கு இது வராது என்று முடிவுகட்டி, மூன்றாவது மாதம் பாடத்தையே விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வராதது ஆங்கிலச் சொல், உயிரியல் அல்ல. பள்ளியில் படியெடுத்தல், இரட்டிப்பாதல், நொதி, உட்கரு என்று தெளிவாகப் படித்த அதே விஷயங்கள்தான் வேறு பெயரில் வருகின்றன. ஒரு நோட்டின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் உங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல். நாளைக்குப் பத்துச் சொல் வீதம் எழுதினால் முதல் பருவத்துக்குள் பெரும்பாலானவை பழகிவிடும்.

அதைவிட நல்ல வழி, சொற்களை உடைத்துப் பார்ப்பது. 'சைட்டோ' என்று தொடங்கினால் செல்லைப் பற்றியது. 'லைசிஸ்' என்று முடிந்தால் உடைதல். ஆகவே சைட்டோலைசிஸ் என்றால் செல் உடைவது. 'எண்டோ' உள்ளே, 'எக்சோ' வெளியே. 'ஏஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் நொதி. அதன் முன்பகுதி, அது எதன்மீது வேலை செய்கிறது அல்லது என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். ஒரு முப்பது வேர்கள் தெரிந்துவிட்டால் முன்பின் பார்க்காத சொல்லையும் ஊகிக்கலாம். ஆங்கிலவழியில் வந்த மாணவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. இரண்டாம் ஆண்டில் நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பீர்கள்.

'எப்படித் தெரிந்தது?' நோட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நம் தேர்வுகள் 'என்ன' என்று கேட்கின்றன. குறிப்பெடுத்து, மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் எழுதிவிடலாம். ஆனால் அந்த ஒரு பக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ செய்த ஒரு சோதனை இருக்கிறது. அதைத் தேடிப் படித்தால் அந்தப் பாடம் மறக்காது. தனி நோட்டு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஓர் உண்மையை எடுத்து, அது எப்படித் தெரிந்தது, யார், எந்த ஆண்டு, என்ன செய்தார்கள், வேறு விதமாக இருந்திருந்தால் முடிவு எப்படி வந்திருக்கும் என்று எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் சொல்கிறேன். அரிவாள் செல் ரத்தசோகையைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்: ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறுகிறது, சிவப்பணு அரிவாள் போல வளைகிறது. இது எப்படித் தெரிந்தது? 1949-இல் லைனஸ் பாலிங்கும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளியின் ஹீமோகுளோபினையும் மற்றவர்களுடையதையும் மின்புலத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்தன. அப்படியானால் மின்னேற்றத்தில் வேறுபாடு இருக்கிறது. ஒரு நோய்க்கான காரணத்தை ஒரு மூலக்கூறுக்குள் சுட்டிக்காட்டியது அந்தச் சோதனை. ஆனால் மூலக்கூறின் எந்த இடத்தில் வேறுபாடு?

1956-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் அதைப் பிடித்தார். புரதத்தை டிரிப்சின் நொதியால் துண்டாக்கினார். அந்தத் துண்டுகளை ஒரு தாளில் முதலில் மின்புலத்தாலும், பிறகு குறுக்குத் திசையில் குரோமட்டோகிராபியாலும் பரப்பினார். ஏறத்தாழ முப்பது புள்ளிகள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டை மட்டும் எடுத்து ஆராய்ந்தபோது குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேலின் இருந்தது. குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்னேற்றம் உண்டு, வேலினுக்கு இல்லை. பாலிங் பார்த்த வேக வேறுபாட்டுக்கு விடை அங்கே இருந்தது. முதல்முறை இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே எடுத்துக்காட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளும் நடக்கலாம். வேதியியலில், வேலின் நீரை விலக்கும் என்பதால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் பக்கத்து மூலக்கூறோடு ஒட்டி நீண்ட இழையாகிறது என்று படிப்பீர்கள். செல் உயிரியலில், அந்த இழை சிவப்பணுவின் சவ்வை உள்ளிருந்து தள்ளுவதைப் படிப்பீர்கள். மரபியலில் பிறழ்ந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைப்பது வரும். 1952-இல் இந்தியாவில் இந்த மரபுக்கூறு முதலில் பதிவானது நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் என்பதை அங்கே சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் மரபணுத் திருத்தம் வரும்போது, 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இந்த நோய்க்கு அனுமதித்த கிரிஸ்பர் சிகிச்சை வரை வந்துவிடுவீர்கள். தனித்தனித் தாள்களாகத் தெரிந்த பாடங்கள் ஒரே கதையாகக் கோத்துக்கொள்ளும். அரிவாள் செல்தான் வேண்டும் என்பதில்லை. இன்சுலின், கொலாஜன், காசநோய்க் கிருமி என்று உங்கள் மனம் எதில் நிற்கிறதோ அதை எடுங்கள்.

ஆய்வகத்தில் கை பழக்குதல்

அப்சர்வேஷன் நோட்டும் ரெக்கார்ட் நோட்டும் கல்லூரி கேட்பவை. மூன்றாவதாக ஒன்று உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதில் அழகு தேவையில்லை, அடித்தல் திருத்தல் இருக்கட்டும். தேதி, எடுத்த அளவு, வெப்பநிலை, தவறிப்போனது எல்லாம் அப்போதே அங்கேயே எழுதப்பட வேண்டும். ரெக்கார்ட் நோட்டில் எல்லாச் சோதனையும் வெற்றி பெறும். மூன்றாவது நோட்டில்தான் நீங்கள் கற்றுக்கொள்வீர்கள்.

மைக்ரோபிப்பெட்டைப் பிடிக்கும் முன் அதன் விசையை வெறுமனே நூறு முறை அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது இரண்டு நிறுத்தங்கள் உண்டு. உறிஞ்சுவதற்கு முதல் நிறுத்தம் வரை மட்டும். வெளியேற்ற இரண்டாவது வரை. இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும். புதியவர்களின் சோதனை கெடுவதற்கு இதுவே முதல் காரணம். உங்கள் கை சரியா என்று பார்க்க ஒரு தராசு போதும்: 100 மைக்ரோலிட்டர் நீரைப் பத்து முறை எடுத்து விட்டால் ஒரு கிராம் காட்ட வேண்டும். ஒவ்வொரு துளியையும் தனியே எடைபோட்டால் எந்த இடத்தில் கை ஆடுகிறது என்பதும் தெரியும்.

கரைசலை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜில் குழாய்களை எதிரெதிரே, சம எடையில் வையுங்கள். சம அளவு என்பது போதாது, சம எடை. முதலாண்டில் நான் ஒருபுறம் நீரையும் எதிர்ப்புறம் அடர்ந்த சர்க்கரைக் கரைசலையும் கண்ணளவில் சமமாக வைத்து ஓட்டினேன். இயந்திரம் மேசையில் நடக்கத் தொடங்கியது. ஆய்வக உதவியாளர் அண்ணன் ஓடிவந்து நிறுத்தியிராவிட்டால் யாருக்காவது காயம் பட்டிருக்கும். அவரைப் போன்றவர்களிடம் நெருங்கிப் பழகுங்கள். நுண்ணுயிர்களை வளர்க்கும் ஊடகம் தயாரிக்கும் நாளில், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஓடும் நாளில் முன்கூட்டியே போய், "அண்ணா, நான் உதவட்டுமா?" என்று கேளுங்கள். அறுபது பேர் வேடிக்கை பார்க்கும் செய்முறை வகுப்பில் கிடைக்காத பயிற்சி அங்கே கிடைக்கும். டி.என்.ஏ.வை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல்லுக்குச் சாயமாகச் சேர்க்கும் எத்திடியம் புரோமைடு டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து கொள்வது. கையுறை இல்லாமல் அதன் அருகே போகாதீர்கள், அதே கையுறையோடு கதவுப் பிடியையும் செல்பேசியையும் தொடாதீர்கள்.

எண்களோடு பழகுங்கள்

நேர்முகத் தேர்வுகளில் நல்ல மாணவர்களும் நிலைகுலையும் இடம் கரைசல் கணக்கு. ஐம்பது மடங்கு அடர்த்தியான தாங்கல் கரைசலிலிருந்து 500 மில்லிலிட்டர் வேலைக் கரைசல் எப்படித் தயாரிப்பீர்கள்? 10 மில்லிலிட்டர் எடுத்து 490 மில்லிலிட்டர் நீர் சேர்க்க வேண்டும். இதைத் தாளில்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். 0.5 மோலார் உப்புக் கரைசல் 200 மில்லிலிட்டருக்கு 5.84 கிராம் உப்பு. இந்த வகைக் கணக்கை வாரம் ஐந்து போடுங்கள்.

செல்லைப் பற்றியும் கணக்குப் போடுங்கள், அங்கேதான் சுவை. மனித செல் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி கார இணைகள். ஓர் இணைக்கு 0.34 நானோமீட்டர் நீளம். பெருக்கினால் இரண்டு மீட்டருக்கு மேல் வருகிறது. சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உட்கருவுக்குள் அது அடங்க வேண்டும். இதை நீங்களே பெருக்கிப் பார்த்த பிறகு டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்கள் பற்றிய பாடம் மனப்பாடப் பகுதியாக இருக்காது. இன்னொன்று: ஈ.கோலை பாக்டீரியாவின் கன அளவு ஏறத்தாழ ஒரு பெம்டோலிட்டர் (10⁻¹⁵ லிட்டர்). அதற்குள் ஒரே ஒரு மூலக்கூறு இருந்தால் அதன் செறிவு என்ன? அவகாட்ரோ எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை நானோமோலாருக்குச் சற்று மேல் வரும்.

கருவிகள் இல்லாத கல்லூரியில் படித்தாலும் செய்யக்கூடியது

மரபணு, புரத வரிசைகளின் என்.சி.பி.ஐ. தரவுத்தளமும் புரத அமைப்புகளின் பி.டி.பி. தரவுத்தளமும் எல்லோருக்கும் இலவசம். பழைய கணினி ஒன்று போதும். மனித பீட்டா குளோபின் புரதத்தின் வரிசையை எடுங்கள். அரிவாள் செல்லில் மாறும் ஆறாவது அமினோ அமிலத்தைத் தேடினால் அங்கே புரோலின் இருக்கும், குழம்பிவிடுவீர்கள். குளூட்டாமிக் அமிலம் ஏழாவது இடத்தில் இருக்கிறது. காரணம், தரவுத்தள வரிசை மெத்தியோனினில் தொடங்குகிறது; செல்லில் அந்த மெத்தியோனின் வெட்டி நீக்கப்படுவதால் பழைய ஆய்வாளர்கள் அடுத்ததிலிருந்து எண்ணினார்கள். இப்படி ஒரு சிறு குழப்பத்தை நீங்களே அவிழ்ப்பதுதான் ஆராய்ச்சியின் முதல் படி. பிறகு அதே வரிசையை பிளாஸ்ட் கருவியில் இட்டுச் சிம்பன்ஸியின் வரிசையோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. பைத்தான் நிரல்மொழியை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தொடங்கிவிடுங்கள். ஒரு டி.என்.ஏ. வரிசையில் எத்தனை ஜி, எத்தனை சி என்று எண்ணும் பத்து வரி நிரலே தொடக்கத்துக்குப் போதும்.

கோடை விடுமுறையும் அதன் பின்னும்

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம், ஓர் ஆய்வகத்தில், உதவித்தொகையோடு. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களிலேயே தொடங்கிவிடும். ஏப்ரலில் தேடினால் கதவு மூடியிருக்கும். அதில் கிடைக்காவிட்டால் ஆய்வாளர்களுக்கு நேரடியாக எழுதலாம்.

முதுநிலைக்கு ஜாம், கேட்–பி, கியூட் ஆகிய நுழைவுத் தேர்வுகள் உண்டு. ஜாம் பயோடெக்னாலஜித் தாளில் பிளஸ் டூ அளவிலான இயற்பியலும் கணிதமும் வேதியியலும் கேட்பார்கள். அந்தப் பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் முனைவர் ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. பி.எஸ்சி.யோடு நின்றால் துறை சார்ந்த வேலைகள் குறைவு என்பதைப் பெற்றோரிடம் முதலாண்டிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவக் குறியீட்டுப் பணி (மெடிக்கல் கோடிங்), ரத்தப் பரிசோதனை நிலையம், மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு ஆகியவற்றுக்குப் பலர் போகிறார்கள். வீட்டுச் சுமை அதைக் கேட்டால் அதில் குறை எதுவும் இல்லை. ஆய்வுதான் வேண்டும் என்றால் முதுநிலை கட்டாயம். குடும்பம் அதற்கேற்ப முன்னதாகவே திட்டமிடட்டும்.

ஆய்வாளருக்கு எழுதும் மின்னஞ்சல் பற்றி ஒரு வார்த்தை. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான ஆய்வகத்தில்' என்று தொடங்கி நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புகிறார்கள். பெயரைக்கூட மாற்றாமல் போகும் கடிதங்களும் உண்டு. அவருடைய ஒரு கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அதிலுள்ள ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அதில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேளுங்கள். எந்த மாதங்களில் வர முடியும், எந்த வேலைகள் கைக்குப் பழகியிருக்கின்றன என்று இரண்டு வரி. மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். 'எப்படித் தெரிந்தது' நோட்டிலிருந்து நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தைப் படமெடுத்துச் சேர்த்தாலும் நல்லது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவரின் கட்டுரையைப் படிக்கத் தொடங்குங்கள்.